கேசட் பதிவுகளை ஃப்ளாக் ஆக்கும்போது: நீளம் 0:00 காட்டும் வேவ், பொருந்தாத எம்டி5, கட்டம் கட்டமாக வரும் தமிழ்த் தலைப்பு

மோல்மேன்_ஒலிநாடா எழுதியது:

வணக்கம். கோயில் பஜனைக் குழுவின் கேசட்டுகள் 140 இருக்கின்றன, சி-60-உம் சி-90-உம் கலந்து. காவடிச் சிந்து, மாரியம்மன் தாலாட்டு, தீமிதி இரவுப் பாட்டுகள், கொஞ்சம் கதாகாலட்சேபம். உறைமேல் தலைப்பு சிலவற்றில் தமிழில், சிலவற்றில் பர்மிய எழுத்தில்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து விண்டோஸ் 10 மேசைக் கணினி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. ரெக்கார்டர் மென்பொருள் நேரே வேவ் ஃபைலாக எழுதுகிறது. பிறகு ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளில் ஃப்ளாக் (ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம்), சுருக்க அளவு லெவல் 8. கரண்ட் போனால் தாங்கும் யுபிஎஸ் கிடையாது.

பதிவு ஓடும்போதே கரண்ட் போனதால் 11 வேவ் ஃபைல்கள் பாதியில் நின்றுவிட்டன. டிஸ்கில் 400 எம்பி, 900 எம்பி என்று இடம் பிடித்திருக்கின்றன. ஃபூபாரில் போட்டால் நீளம் 0:00 என்கிறது, ஃப்ளாக் ஆக மறுக்கிறது.

இரண்டு கேசட்டை நிறுத்தாமல் ஒரே ஃபைலாக எடுத்த பதிவு ஒன்று 2 மணி 10 நிமிடம். வேவ் 4.49 ஜிபி. அதை ஃப்ளாக் ஆக்கினால் 5 நிமிடம் 43 நொடிதான் வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

மூன்று ஃப்ளாக் ஃபைல்களில் சரிபார்ப்பு ஓட்டினால் எம்டி5 (ஒலி மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் கைரேகை எண்) பொருந்தவில்லை என்கிறது. ஒன்றில் இரண்டு இடத்தில் 'டக்' என்ற சத்தம் கேட்கிறது. மற்ற இரண்டும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன.

தமிழ்த் தலைப்புகள் காரின் பிளேயரில் கட்டம் கட்டமாக வருகின்றன. பர்மியத் தலைப்புகள் கணினியில் ஒரு மாதிரியும் போனில் வேறு மாதிரியும் தெரிகின்றன. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மியூசிக் ஆப்பில் ஃபைல் ஏறவே இல்லை.

டிஸ்க் நிறைந்து வருகிறது. ஃப்ளாக் ஆன வேவ்களை அழித்துவிடலாமா? சிலவற்றை ஏற்கெனவே அழித்தாயிற்று.


ரங்கூன்_அலைவரிசை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இன்னும் ஒரு வேவைக்கூட அழிக்க வேண்டாம். எம்டி5 சிக்கலின் காரணம் தெரியும்வரை அந்தக் கணினி செய்த எந்த ஃப்ளாக்கையும் நம்ப முடியாது. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் வேவ் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் முதல் இரண்டு சிக்கலும் ஒரே இடத்தில் பிறந்தவை.

வேவ் ஃபைலின் தலைப்பகுதியில், சாதாரணமாக முதல் 44 பைட்டில், இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன: முழு ஃபைலின் அளவு, அதற்குள் ஒலித் தரவின் அளவு. பதிவு தொடங்கும்போது அளவு தெரியாது அல்லவா? அதனால் பெரும்பாலான ரெக்கார்டர்கள் அங்கே பூஜ்யம் போட்டுவிட்டு, நீங்கள் ஸ்டாப் அழுத்தும்போதுதான் திரும்பிப் போய்ச் சரியான எண்ணை எழுதுகின்றன. நடுவில் கரண்ட் போனால் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றுவிடுகிறது. ஒலி முழுவதும் டிஸ்கில் இருக்கும். படிக்கும் மென்பொருள் தலைப்பகுதியை நம்பி "இங்கே ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடும்.

உங்கள் அமைப்பில் ஒரு நொடிக்கு 96,000 சாம்பிள் (ஒலியை அளந்த எண்) × 3 பைட் × 2 சேனல் = 5,76,000 பைட். ஃபைலின் அளவை இதனால் வகுத்தால் எத்தனை நொடி பிழைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 1,03,68,00,000 பைட் என்றால் 1,800 நொடி, அதாவது அரை மணி. ஃபைல் அளவே 0 என்றிருந்தால் மட்டும் கீழே சொல்லும் வழி உதவாது.

முதலில் 11 ஃபைலையும் வேறு டிஸ்குக்கு நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா என்று போங்கள். என்கோடிங் சைன்டு 24 பிட் பிசிஎம், பைட் வரிசை லிட்டில் எண்டியன், சேனல் 2 ஸ்டீரியோ, தொடக்க இடம் 44, சாம்பிள் ரேட் 96000. இறக்குமதி ஆனதும் பாட்டு கேட்க வேண்டும். கேட்காமல் ஒரே இரைச்சலாக, அலைவரைபடம் முழுக்கப் பட்டையாக நிரம்பி வந்தால் பைட் எல்லை தவறியிருக்கிறது என்று பொருள். 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு சாம்பிள் ஜோடிக்கு 6 பைட். ஆகவே 44 முதல் 49 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஆறில் ஒன்று கட்டாயம் பொருந்தும். ஒலி சரியாக இருந்து இடமும் வலமும் மட்டும் மாறியிருந்தால் 3 பைட் தள்ளியிருக்கிறீர்கள். சில ரெக்கார்டர்கள் 24 பிட்டுக்கு நீட்டிய தலைப்பகுதி எழுதும். அதில் ஒலி 68-ஆவது அல்லது 80-ஆவது பைட்டில் தொடங்கும். இரண்டுமே 44-லிருந்து ஆறின் மடங்கு தூரம்தான், அதனால் 44 போட்டாலும் பாட்டு ஒழுங்காக வரும். தொடக்கத்தில் ஒரு சின்ன 'டிக்' மட்டும் கேட்கும், வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல். தலைப்பகுதியில் அளவு எழுத ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. உங்கள் வேகத்தில் அது 2 மணி 4 நிமிடம் 16 நொடி. அதைத் தாண்டினால் எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. 2 மணி 10 நிமிடம் = 7,800 நொடி = 4,49,28,00,000 பைட். இதிலிருந்து 4,29,49,67,296-ஐக் கழித்தால் 19,78,32,704. அதை 5,76,000-ஆல் வகுத்தால் 343 நொடி. உங்களுக்கு வந்த அதே 5 நிமிடம் 43 நொடி! தலைப்பகுதி சொன்னதை ஃப்ளாக் அப்படியே கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டு எங்கும் போகவில்லை.

இதற்கு ஃப்ளாக்கின் கட்டளை நிரலிலேயே வழி இருக்கிறது. இரட்டைச் சிறுகோடு போட்டு 'இக்னோர் சங்க் சைசஸ்', சொற்களுக்கு நடுவே ஒற்றைச் சிறுகோடு. தலைப்பகுதியின் அளவைப் பார்க்காமல் ஃபைல் முடியும்வரை படிக்கும். ஒலிக்குப் பின்னால் ரெக்கார்டர் வேறு குறிப்பு எதையாவது எழுதியிருந்தால் அதையும் ஒலி என்று எடுத்துக்கொள்ளும், அதனால் கடைசி நொடியைக் கேட்டுப் பாருங்கள். கரண்ட் போன 11 ஃபைலுக்கும் ஆடாசிட்டிக்கு முன் இதையே முயலலாம்.

இனிமேல் ஒரு பக்கத்துக்கு ஒரு ஃபைல். 45 நிமிடம் 1.56 ஜிபிதான் வரும், எல்லை கிட்டேகூட வராது. நீளப் பதிவு தேவைப்பட்டால் ஆர்எஃப்64 அல்லது டபிள்யூ64 வடிவம் தேர்ந்தெடுங்கள், அளவு 64 பிட்டில் எழுதப்படும்.


தாட்டோன்_வயர்மேன் எழுதியது:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. எம்டி5 பற்றி நான் சொல்றேன்.

ஃப்ளாக்குக்குள்ள ரெண்டு வகைக் காவல் இருக்கு. ஒலியைச் சின்னச் சின்ன ஃப்ரேமா வெட்டி, ஒவ்வொரு ஃப்ரேமோட கடைசியிலும் 16 பிட் சிஆர்சி, அதாவது பிழையைக் காட்டுற சரிபார்ப்பு எண், போடும். அதுபோக, சுருக்குறதுக்கு முன்னாடி இருந்த மூல ஒலி முழுசுக்கும் ஒரு எம்டி5 கணக்குப் போட்டு ஃபைல் தலையில எழுதி வைக்கும். எது தப்புதுன்னு பார்த்தா கோளாறு எந்தக் கட்டத்துல வந்துச்சுன்னு சொல்லிடலாம்.

சிஆர்சி பிழை வந்து 'டக்'னு கேட்டா, ஃபைல் எழுதி முடிஞ்ச பிறகு பைட் மாறியிருக்கு. டிஸ்க், யுஎஸ்பி கேபிள், நகலெடுப்பு, இதுல ஏதோ ஒண்ணு. சிஆர்சி எல்லாம் சுத்தமா இருந்து எம்டி5 மட்டும் பொருந்தலைன்னா ரெண்டு காரணம்தான் முக்கியம். ஃபைல் வால் அறுந்திருக்கலாம். மொத்த நீளத்தை வேவோட ஒப்பிட்டா தெரிஞ்சுடும். நீளம் சரியா இருந்தா, சுருக்குற நேரத்துலயே மெமரியில பிட் புரண்டிருக்கு. எம்டி5 சரியான ஒலிக்குப் போட்டாச்சு, அதுக்கப்புறம் ரேம்ல ஒரு பிட் மாறி, மாறின ஒலிக்குச் சிஆர்சி போட்டிருக்கு. அதனால சிஆர்சி சந்தோஷமா ஒத்துப்போகும்.

ஃப்ளாக் கட்டளையோட சிறிய 't' போட்டு, அதாவது டெஸ்ட் விருப்பத்துல, மூணு ஃபைலையும் ஓட்டி எந்த வகைப் பிழைன்னு எழுதுங்க தம்பி. கூடவே, பிழை வந்த ஒண்ணோட வேவ் இருந்தா அதையே மூணு தடவை ஃப்ளாக் ஆக்கி மூணு எம்டி5-ஐயும் ஒப்பிடுங்க. அமைப்பு எப்படி இருந்தாலும் ஒரே ஒலிக்கு ஒரே எம்டி5தான் வரணும்.

கரண்ட் விஷயம். மேசைக் கணினியை விட்டுட்டு பேட்டரி நல்லா இருக்கிற லேப்டாப்புல பதியுங்க. பதியும்போது சார்ஜரைக் கழட்டிடுங்க. இதுல ரெண்டு லாபம்: கரண்ட் போனாலும் ஃபைல் மூடாம நிக்காது, எர்த் இல்லாத பிளக்குல டெக்கும் சார்ஜரும் சேர்ந்து உண்டாக்குற 50 ஹெர்ட்ஸ் ஊம் சத்தமும் போயிடும். நம்ம பக்கத்துப் பழைய வீடுகள்ல மூணாவது ஓட்டை இருக்கும், உள்ள எர்த் கம்பி இருக்காது. ஊம் வர்றதுக்குப் பாதிக் காரணம் அதுதான். இன்வெர்ட்டர்ல ஓட்டினா அது சைன் அலை கொடுக்குற வகையான்னு பாருங்க. படிக்கட்டு அலை கொடுக்குறதுன்னா ஊமுக்குப் பதிலா 'ஜ்ர்ர்'னு கூர்மையா ஒரு சத்தம் டெக் வழியா ஏறும். அதை அப்புறம் எந்த ஃபில்டராலயும் சுத்தமா எடுக்க முடியாது.

இன்னொண்ணு. டேப் ஓடும்போது கரண்ட் போனா உடனே கையால ஸ்டாப்பை அழுத்துங்க. அழுத்துப் பொத்தான் வகை டெக்குல ரப்பர் உருளை டேப்பை அழுத்தின நிலையிலேயே நின்னுடும். மணிக்கணக்கா அப்படியே விட்டா உருளையில பள்ளம் விழும், அதுக்கப்புறம் எல்லாக் கேசட்டும் தள்ளாடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துலேருந்து தொடராதீங்க. அந்தப் பக்கத்தை முதல்லேருந்து ஓட்டுங்க.

பதிவு எழுதுற டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில ஃபார்மட் ஆகியிருக்கட்டும். எக்ஸ்ஃபேட் முறைக்கு ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற பதிவேடு, கிடையாது; பாதியில கரண்ட் போனா ஃபோல்டர் அட்டவணையே குழம்பலாம்.


பெகு_எழுத்துரு எழுதியது:

தலைப்புக் குளறுபடியை நான் பார்க்கிறேன். மூன்று தனித்தனி நோய்கள் ஒன்றாகத் தெரிகின்றன, பிரித்தால்தான் மருந்து பிடிக்கும்.

ஃப்ளாக்கின் தலைப்புக் குறிப்புகள் எப்போதும் யுடிஎஃப்-8, அதாவது யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை. வேறு முறைக்கு அதில் இடமே இல்லை. எனவே கணினியில் தமிழ் சரியாகத் தெரிந்து காரில் மட்டும் கட்டமாக வந்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது. காரின் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. அதை ஃபைல் பக்கம் சரிசெய்ய முடியாது. காருக்கென்று தனி நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் தலைப்பை ரோமன் எழுத்தில் போடுங்கள். மூலத்தில் தமிழை மாற்றாதீர்கள்.

கணினியிலேயே குழப்பமான ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், பழைய திஸ்கி அல்லது பாமினி முறையில் தட்டிய தலைப்பை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து எழுத்துரு கண்ணுக்குத் தமிழாகக் காட்டும், உள்ளே இருப்பது ரோமன் பைட்டுகள். தமிழ் எழுத்துரு மாற்றிகளில் ஒன்றில் எந்த முறையிலிருந்து என்று சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக்கி, எம்பி3டேக் மென்பொருளில் ஒட்டலாம்.

மூன்றாவதுதான் நம் நாட்டுக்கே உரியது. உங்கள் பர்மியத் தலைப்புகளில் ஒரு பகுதி ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் தட்டியவை, ஒரு பகுதி யூனிகோடில். பர்மா அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல். அதற்கு முன் போன்களிலும் கணினிகளிலும் ஸோஜிதான் ஆட்சி. ஸோஜி யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களையே எடுத்துக்கொண்டு, வேறு எழுத்தை, வேறு வரிசையில் வைக்கிறது. அதனால் பைட் அளவில் இரண்டுமே செல்லுபடியாகும் யுடிஎஃப்-8. எந்தப் பிளேயரும் "இது தவறு" என்று சொல்லாது. கணினியில் ஸோஜி எழுத்துரு, போனில் யூனிகோடு எழுத்துரு என்றால் ஒரே தலைப்பு இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி தெரியும். நீங்கள் சொல்வது அதேதான்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் யூனிகோடில் சேமிப்பது ககரம் முதலில், கொம்பு பிறகு. பர்மிய 'ஏ' குறியும் அப்படியே. ஸோஜி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் சேமிக்கும். அதனால் ஸோஜித் தலைப்பை யூனிகோடு எழுத்துருவில் பார்த்தால் கொம்பு பக்கத்து எழுத்தோடு ஒட்டும், அல்லது புள்ளி வட்டத்தில் தொங்கும். தலைப்பை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஸோஜி என்று தெரிந்ததை மட்டும் மாற்றியில் போடுங்கள். ஏற்கெனவே யூனிகோடாக இருப்பதை மறுபடி மாற்றினால் திரும்ப முடியாதபடி கெடும். ஃபைல் பெயரை இதெல்லாம் முடிந்த பிறகே தலைப்பிலிருந்து உருவாக்குங்கள்.

ஃபைல் பெயரில் இன்னொரு பொறி. 'கொ', 'கோ', 'கௌ' இவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் பிரித்து இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும். விண்டோஸ் நீங்கள் தட்டியபடி வைக்கும். ஒரு நகல் மேக் வழியாகப் போய் வந்தால் 'கோயில்' என்ற பெயரில் ஒரே ஃபோல்டரில் இரண்டு ஃபைல் நிற்கலாம். ப்ளேலிஸ்ட் "ஃபைல் காணவில்லை" என்று சொல்லும், ஃபைலோ கண் முன்னால் இருக்கும். பெயர்கள் அனைத்தையும் ஒருங்கிணைந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றி வையுங்கள். ப்ளேலிஸ்டை எம்3யு8 ஆகச் சேமியுங்கள். வெறும் எம்3யு என்றால் பல பிளேயர்கள் யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளா.

சில டேக் மென்பொருள்கள் ஃப்ளாக்கின் முன்னால் எம்பி3-க்கு உரிய ஐடி3 குறிப்பை ஒட்டிவிடும். ஃப்ளாக் ஃபைல் தனக்குரிய நான்கு எழுத்து முத்திரையோடுதான் தொடங்க வேண்டும். முன்னால் வேறு ஏதாவது நின்றால் சில கார் பிளேயர்கள் திறக்கவே மறுக்கும். இருந்தால் அகற்றிவிடுங்கள்.


மோல்மேன்_ஒலிநாடா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. 11 ஃபைலில் 9 திரும்பிவிட்டன. ஆறு தொடக்க இடம் 44-இலேயே பொருந்தியது, மூன்று 48-இல். இரண்டின் அளவு 0, அவை போயின. 2 மணி 10 நிமிடப் பதிவு முழு நீளத்தில் ஃப்ளாக் ஆகிவிட்டது.

எம்டி5 சோதனை: இரண்டு ஃபைலில் சிஆர்சி பிழை ஒன்றுகூட இல்லை, நீளமும் வேவோடு ஒத்துப்போகிறது. மூன்றாவதில், டக் சத்தம் வருவதில், சிஆர்சி பிழை இரண்டு இடத்தில். அதன் வேவ் அழித்தாயிற்று. முதல் இரண்டில் ஒன்றின் வேவை மூன்று முறை ஃப்ளாக் ஆக்கியதில் இரண்டு முறை ஒரே எம்டி5, ஒரு முறை வேறு.

இன்னும் இரண்டு கேள்வி. கேசட்டுக்கு 96 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா, 48 போதுமா? லெவல் 8 நல்லதா?


தாட்டோன்_வயர்மேன் எழுதியது:

ஒரே வேவுக்கு ரெண்டு எம்டி5 வந்துச்சுன்னா கோளாறு ஃப்ளாக்குல இல்லை, அந்தக் கணினியில. ரேம்தான் முதல் சந்தேகம். மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவுல போட்டு அதுலேருந்து கணினியைத் தொடங்கி, குறைஞ்சது நாலு சுற்று ஓட விடுங்க. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் போதும், அந்த ரேம் வேணாம். ரெண்டு குச்சி இருந்தா ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மட்டும் போட்டுச் சோதிங்க. எது கெட்டதுன்னு தெரியும். பிராசசர் வேகத்தை யாராவது கூட்டி வச்சிருந்தா பயாஸ்ல பழைய நிலைக்குக் கொண்டு வாங்க.

இங்கேதான் கவனிக்கணும். எம்டி5 பொருந்துதுங்கிறது, சுருக்கும் நிரலுக்குள்ள போன ஒலியும் வெளியே வர்ற ஒலியும் ஒண்ணுங்கிறதை மட்டும்தான் உறுதி சொல்லும். டிஸ்குலேருந்து ரேமுக்கு வரும்போதே பிட் புரண்டிருந்தா, புரண்ட ஒலிக்கே எம்டி5 போட்டிருக்கும். டெஸ்ட்ல பாஸ் ஆகும், ஆனா வேவோட ஒத்துப்போகாது. அதனால அந்தக் கணினியில செஞ்ச எல்லா ஃப்ளாக்கையும், வேவ் இருக்கிற வரைக்கும், வேற நல்ல கணினியில ஃபூபாரோட பிட் ஒப்பீட்டுக் கூறைப் போட்டு வேவோட ஒப்பிடுங்க. "வேறுபாடு இல்லை"ன்னு வந்ததோட வேவை மட்டும் அழிக்கலாம். கெட்ட ரேம் வழியா நகலெடுத்த வேவும் சந்தேகத்துக்குரியதுதான். அதனால நகலோட இல்லாம, ரெக்கார்டர் எழுதின முதல் ஃபைலோடயே ஒப்பிடுங்க.

இனிமே ஃப்ளாக் ஆக்கும்போது வெரிஃபை விருப்பத்தைச் சேர்த்துடுங்க. சுருக்கச் சுருக்கவே விரிச்சுப் பார்த்து ஒப்பிடும். நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.


ரங்கூன்_அலைவரிசை எழுதியது:

ஒலிக்காப்பகங்களுக்கான ஐஏஎஸ்ஏ-டிசி 04 வழிகாட்டி குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது, 96-ஐயும் வரவேற்கிறது. என் கருத்தில் வீட்டில் பதிந்த கேசட்டுக்கு 48 போதும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அந்த டேப்பில் பாட்டு இல்லை. சி-90 ஒன்று 96-இல் 3.11 ஜிபி, 48-இல் 1.56 ஜிபி. 140-உம் சி-90 என்று வைத்தால் வேவாக 435 ஜிபியா 218 ஜிபியா என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே 96-இல் எடுத்ததைக் குறைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள். இனி எடுப்பதை 48-இல் எடுங்கள்.

24 பிட்டை மட்டும் விடாதீர்கள். உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாதபடி தாராளமாக இடம் விட்டுப் பதியலாம். திடீரென்று உறுமி ஓங்கி ஒலித்தாலும் மேல்தலை வெட்டுப்படாது. வெட்டுப்பட்டதை ஃப்ளாக் மிக உண்மையாக, வெட்டுப்பட்டபடியே காப்பாற்றும்.

லெவல் 0 முதல் 8 வரை எல்லாமே இழப்பற்றவை, விரித்தால் ஒரே ஒலி. வேறுபாடு சுருக்க எடுக்கும் நேரத்தில். இயல்பான 5-க்கும் 8-க்கும் அளவில் பெரும்பாலும் ஒரு சதவீதம் அளவுக்கே வித்தியாசம். 5 போதும். கேசட் 24 பிட்டில் பாதிக்குக் கீழே சுருங்குவது அரிது. டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல் −55 டெசிபெல்லில் இருந்தால் 24 பிட்டில் சுமார் 15 பிட்டை அந்த இரைச்சலே நிரப்புகிறது. இரைச்சலில் ஒழுங்கு இல்லை, ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது.

ஃப்ளாக் திடீரென்று மிகச் சிறியதாக வந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஆடாசிட்டியில் விண்டோஸின் பழைய ஒலி வழியான எம்எம்இ-யில் பதிந்தால் 24 என்று தேர்ந்தெடுத்தாலும் உள்ளே வருவது 16 பிட்தான், கீழ் 8 பிட்டும் பூஜ்யம். ஃப்ளாக் அந்தப் பூஜ்யங்களைக் கண்டுபிடித்துச் சேமிக்காமல் விடும், அதனால் அளவு சரிந்துவிடும். விண்டோஸின் இன்னொரு ஒலி வழியான வசாபியைத் தேர்ந்தெடுத்தால் 24 முழுதாக வரும்.

மீட்ட 9 ஃபைலைப் பற்றி ஒன்று. ஆடாசிட்டி உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் (பின்ன எண்களாக) வைத்துக்கொள்கிறது, 24 பிட்டாக எழுதும்போது டிதர் என்ற நுண் இரைச்சலைச் சேர்க்கலாம். வெறுமனே உள்ளே எடுத்து வெளியே எழுதுகிறீர்கள் என்றால் விருப்பங்களில் குவாலிட்டி பகுதிக்குப் போய் உயர்தர மாற்றத்தின் டிதரை 'நன்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் பிட் ஒப்பீட்டில் எல்லாமே வேறுபட்டதாகக் காட்டும், நீங்கள் ரேமை மறுபடி சந்தேகப்படுவீர்கள். 32 பிட் ஃப்ளோட்டை அப்படியே ஃப்ளாக்கில் வைக்கவும் முடியாது, அது முழு எண்களை மட்டுமே ஏற்கும். ஃப்ளோட்டாகவே காக்க வேண்டுமென்றால் வேவ்பேக் வடிவம்.

ஐபோன்: ஃபைல்ஸ் ஆப் ஐஓஎஸ் 11-லிருந்து ஃப்ளாக்கை நேரே பாடும். மியூசிக் ஆப்பின் தொகுப்பில் ஏற வேண்டுமென்றால் ஆப்பிளின் சுருக்க வடிவமான ஏலாக் ஆக்குங்கள், எம்4ஏ உறைக்குள் வரும். அதுவும் இழப்பற்றது, எப்போது வேண்டுமானாலும் ஃப்ளாக்குக்குத் திரும்பலாம். மாற்றுவதற்கு மேக்கில் எக்ஸ்எல்டி, விண்டோஸில் ஃபூபார் அல்லது எஃப்எஃப்எம்பெக். எஃப்எஃப்எம்பெக்கில் உறைப்படம் உள்ள ஃபைலைப் போட்டால் அந்தப் படத்தை வீடியோ என்று நினைத்து மாற்றப் பார்க்கும், ஃபைல் கெடும் அல்லது பிழை வரும். வீடியோப் பகுதியை 'காப்பி' என்று குறிப்பிடுங்கள், படம் அப்படியே போகும்.

கார் நகலுக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஃபேட்32 பென்டிரைவ். ரீசாம்பிள் செய்வதற்கு முன் ஒலியை 1 டெசிபெல் குறையுங்கள், மாற்றத்தில் உச்சங்கள் சற்று ஏறும். 16-க்கு இறக்கும்போது டிதர் வேண்டும், இங்கே நிறுத்தக்கூடாது.


தாட்டோன்_வயர்மேன் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. கேசட் டெக்குக்குப் பெரும்பாலும் இது பொருந்தாது, அதுல டிசி மோட்டார்தான் வழக்கம். ஸ்பூல் டேப் ரெக்கார்டர் யாராவது கொண்டு வந்து கொடுத்தா, பழைய வகையில மோட்டார் கரண்டோட அலைவெண்ணைப் பிடிச்சு ஓடும். ஜெனரேட்டர் 50-க்குப் பதிலா 48 ஹெர்ட்ஸ் கொடுத்தா டேப் 4 சதவீதம் மெதுவா ஓடும், சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு இறங்கிடும். நாயனம் தெரிஞ்சவங்க உடனே கண்டுபிடிப்பாங்க. பதிவுல மூல ரெக்கார்டிங்கோட ஊம் சத்தம் இருந்தா ஆடாசிட்டியோட ஸ்பெக்ட்ரம் வரைபடத்துல அது 50-இல் நிக்குதா 48-இல் நிக்குதான்னு பாருங்க. டேப்பை நிறுத்தினாலும் அந்த ஊம் கேட்டா அது உங்க டெக்கோடது, கணக்குல சேர்க்காதீங்க. ஜெனரேட்டர்ல ஸ்பூல் ஓட்டவே வேணாம், கரண்ட் வர்ற வரைக்கும் காத்திருங்க.


மோல்மேன்_ஒலிநாடா எழுதியது:

ரேம் குச்சி ஒன்றில் பிழை வந்தது, கழற்றியாயிற்று. மீதியில் ஆறு சுற்று சுத்தம். வேவ் அழித்துவிட்ட அந்த மூன்றாவது ஃபைலுக்கு ஏதாவது வழி உண்டா? சி-60, முதல் பக்கம், மாரியம்மன் தாலாட்டு.


ரங்கூன்_அலைவரிசை எழுதியது:

ஃப்ளாக் கட்டளையில் விரிக்கும் விருப்பத்தோடு, பிழையைத் தாண்டிச் செல்லும் 'டிகோட் த்ரூ எர்ரர்ஸ்' விருப்பத்தையும் சேர்த்து வேவாக்குங்கள். ஒரு ஃப்ரேம் இயல்பாக 4,096 சாம்பிள். 96 கிலோஹெர்ட்ஸில் அது 43 மில்லி நொடி. அடிபட்ட இரண்டு ஃப்ரேமும் மௌனமாகிவிடும், மற்றதெல்லாம் பிட் மாறாமல் வரும். இது காப்பு நகல்தான்.

கேசட் கையில் இருக்கிறது அல்லவா? அந்தப் பக்கத்தை முழுதாக மறுபடி பதியுங்கள். அடிபட்ட 43 மில்லி நொடியை மட்டும் புதுப் பதிவிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப்பின் வேகம் மயிரிழை மாறும், ஒட்டு இடத்தில் தாளம் தடுக்கும். ஓட்டும் முன் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே ஹெட்டின் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி, சலங்கைச் சத்தம் எந்த இடத்தில் மிகத் தெளிவாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். மழைக்காலமாதலால் டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் டெக்கில் போட வேண்டாம். ஹெட்டிலிருந்து மற்ற 139-க்கும் பரவும். உலர வைத்துத் துடைத்த பிறகு, ஒரு முறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றிவிட்டுப் பதியுங்கள்.